கப்பலிலிருந்து பெட்டியோடு முதல் ஆளாக இறங்குவது எப்படி: கொங்கு நாட்டிலிருந்து குரூஸ் போகிறவர்களுக்கு

சிங்கப்பூர் போய் குரூஸ் ஏறி, மூன்று நாலு நாள் கடலில் சுற்றிவிட்டு, திரும்பி வந்த அன்றைக்கே கோயம்புத்தூர் விமானத்தைப் பிடிக்கிற திட்டம் இப்போது திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் சாதாரணமாகிவிட்டது. கப்பல் ஏற என்னென்ன வேண்டும் என்று சொல்வதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். இறங்குவதைப் பற்றித்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. எங்களுக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட், கப்பல் துறைமுகத்தைத் தொடும் நேரத்தையே நாம் வெளியே வரும் நேரம் என்று கணக்குப் போட்டு, முற்பகல் விமானத்தைப் பதிவு செய்து கையில் கொடுத்துவிட்டார். நடுக்கடலில் போய்த்தான் தெரிந்தது, மூவாயிரம் நாலாயிரம் பேர் இருக்கிற கப்பலில் எல்லாரும் ஒரே வாசல் வழியாகத்தான் இறங்க வேண்டும் என்பது. அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் தெரிந்துகொண்டதையும், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். சிங்கப்பூர் மெரினா பே குரூஸ் சென்டரை வைத்துத்தான் சொல்கிறேன், ஆனால் பெரும்பாலான விஷயங்கள் எந்தத் துறைமுகத்துக்கும் பொருந்தும்.

1. சீக்கிரம் இறங்கத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

கப்பலிலிருந்து இறங்க இரண்டு வழி உண்டு. முதலாவது, வழக்கமான வழி. கடைசி நாள் உங்கள் கேபினில் நிறமோ எண்ணோ போட்ட லக்கேஜ் டேக் வைத்துவிட்டுப் போவார்கள். அதைப் பெரிய பெட்டிகளில் கட்டி, இரவு பத்து பதினொரு மணிக்குள் கேபின் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிக்கொண்டு போய், காலையில் டெர்மினலில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். உங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் கையை வீசிக்கொண்டு இறங்கி, கீழே போய் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எல்லாப் பெட்டியையும் ராத்திரி கேபினிலேயே வைத்துக்கொண்டு, காலையில் நீங்களே இழுத்துக்கொண்டு முதல் கூட்டத்தோடு இறங்குவது. இதைச் சில கம்பெனிகள் 'செல்ஃப் அசிஸ்ட்' என்பார்கள், சிலர் 'வாக் ஆஃப்' அல்லது 'ஈஸி வாக் ஆஃப்' என்பார்கள், சிலர் 'எக்ஸ்பிரஸ்' என்பார்கள். விஷயம் ஒன்றுதான். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பெட்டியைத் தூக்கும் தெம்பு மட்டும் இருந்தால் போதும்.

உங்கள் விமானம் சாயங்காலமோ ராத்திரியோ என்றால் இந்த இரண்டாவது வழிக்குப் போகவே போகாதீர்கள். நிதானமாக இட்லியோ டோஸ்ட்டோ சாப்பிட்டுவிட்டு, கடைசிக் கூட்டத்தோடு இறங்குங்கள். ஏழு மணிக்கு அடித்துப் பிடித்து இறங்கி, பெட்டிகளோடு சாங்கி விமான நிலையத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மதிய விமானம், சென்னை வழியாகப் போகும் இணைப்பு விமானம், இல்லை அன்றைக்கே மலேசியாவில் ஜொகூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிற மாதிரி காரணம் இருந்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

இன்னொன்று. கூட வருபவர்களில் அப்புச்சி, அம்மாயி மாதிரி பெரியவர்கள் வீல்சேரில் வருகிறார்கள் என்றால் இந்த வழி உங்களுக்குக் கிடையாது. தன் பெட்டியைத் தானே, ஒரே நடையில், யார் உதவியும் இல்லாமல் கொண்டு போகக்கூடியவர்களுக்கு மட்டும்தான் இது. வீல்சேர் உதவி வேண்டியவர்களை வேறு இடத்தில் உட்கார வைத்துத் தனியாக இறக்குவார்கள். அதற்கான நேரத்தை முந்தின நாளே கெஸ்ட் சர்வீஸ் என்கிற கப்பலின் வரவேற்பு மேசையில் கேட்டு வாங்கிவிடுங்கள். அது நேரமாகும் என்று சொன்னால் வாக்குவாதம் பண்ணிப் பயனில்லை, விமானத்தை மாற்றுவதுதான் வழி.

2. விமானம்: கரை தொடும் நேரம் வேறு, வாசல் திறக்கும் நேரம் வேறு

பயணத் திட்டத்தில் 'காலை 7 மணி சிங்கப்பூர்' என்று போட்டிருக்கும். அது கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேரும் நேரம். கயிறு கட்டி, கேங்வே என்கிற நடைபாலத்தைப் பொருத்தி, துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் முதல் ஆள் இறங்க முடியும். அதற்கு அரை மணி நேரமும் ஆகலாம், ஒன்றேகால் மணி நேரமும் ஆகலாம். அப்புறம் இமிக்ரேஷன் வரிசை, கஸ்டம்ஸ், டாக்சி வரிசை, சாங்கி வரை அரை மணிப் பயணம். பெரும்பாலான விமானங்களுக்குக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் போடும் கணக்கு இதுதான்: கப்பல் கரை தொடும் நேரத்தோடு ஐந்து மணி நேரத்தைக் கூட்டுங்கள், அதற்கு முந்திய விமானத்தை எடுக்காதீர்கள். 7 மணிக்குக் கப்பல் வந்தால் 12 மணி விமானம். இதுவும் பெட்டியோடு முதல் கூட்டத்தில் இறங்குகிறவர்களுக்கு மட்டும். பெட்டியை ராத்திரி வெளியே வைத்துவிட்டு இறங்குவதாக இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை, காற்று, துறைமுகத்தில் இடமில்லை என்று கப்பல் தாமதமாக வந்தால் கப்பல் கம்பெனி உங்கள் விமானத்துக்குப் பொறுப்பேற்காது, அவர்கள் மூலமாகவே விமான டிக்கெட்டும் வாங்கியிருந்தால் ஒழிய.

டிக்கெட்டைப் பதிவு செய்கிற ஏஜென்ட்டிடம் வாயால் சொல்வதோடு விடாமல் வாட்ஸ்ஆப்பில் எழுதிப் போடுங்கள்: 'கப்பல் இத்தனை மணிக்கு வருகிறது, விமானம் இத்தனை மணிக்குப் பிறகுதான் வேண்டும்.' எழுத்தில் இருந்தால் நாளைக்குத் தேதி மாற்றும் கட்டணம் யார் தலையில் என்கிற பேச்சு வரும்போது உதவும்.

3. விசாவும் அரைவல் கார்டும்: பெட்டியைவிட இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்

சிங்கப்பூருக்கு நீங்கள் இரண்டு முறை நுழைகிறீர்கள். கோயம்புத்தூரிலிருந்து விமானத்தில் வந்து இறங்குவது ஒன்று. கப்பலில் பினாங்கு, புக்கெட் போய்விட்டுத் திரும்பி வருவது இன்னொன்று. ஒரே முறை நுழையும் விசா கையில் இருந்தால் கப்பல் ஏறும் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் பல முறை நுழையும் விசாதானா என்று விசா கைக்கு வந்த அன்றே பாருங்கள். இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா விண்ணப்பக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், திரும்பக் கிடைக்காது. அதற்கு மேல் ஏஜென்ட் வாங்குவது அவர் சேவைக் கட்டணம். நம் ஊரிலேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது, இரண்டு இடத்தில் விசாரியுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

அடுத்தது எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூருக்குள் நுழையும் முன் இணையத்தில் நிரப்பும் வருகைப் படிவம். விமானத்தில் வரும்போது ஒன்று போட்டீர்கள் அல்லவா, கப்பலில் திரும்பி வரும்போது மறுபடியும் ஒன்று போட வேண்டும். இதை வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள்தான் பதிய முடியும். மூன்று இரவுப் பயணம் என்றால் கப்பல் ஏறுகிற அன்றைக்குப் போட முடியாது, தேதி இன்னும் திறந்திருக்காது. கப்பலில் வைஃபை காசு. ஆகவே நடுவில் கப்பல் நிற்கும் ஊரில் இறங்கும்போது, அங்கே இன்டர்நெட் கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்து குடும்பத்தில் எல்லாருக்கும் போட்டு முடித்துவிடுங்கள். சில பயணங்களில் பாஸ்போர்ட் கையில் இருக்காது என்பதால் எல்லார் பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்வது அவசியம். விமான எண் கேட்கும் இடத்தில் கடல் வழி என்பதைத் தேர்ந்தெடுத்துக் கப்பல் பெயரைப் போடுங்கள்.

இந்த அரைவல் கார்டு இலவசம். சிங்கப்பூர் அரசின் ஐசிஏ தளத்திலோ அவர்களுடைய மைஐசிஏ செயலியிலோ போட வேண்டும். கூகுளில் தேடினால் மேலே வருகிற சில தளங்கள் அதே மாதிரி படிவத்தைக் காட்டிக் காசு பிடுங்குகின்றன. கார்டு நம்பர் கேட்டாலே வெளியே வந்துவிடுங்கள்.

சில பயணங்களில் கப்பல் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பயப்பட வேண்டாம், துறைமுகங்களில் மொத்தமாகக் காட்டுவதற்காக. ஆனால் எப்போது, எந்த டெக்கில் (கப்பலின் மாடியை அப்படித்தான் சொல்வார்கள்) திருப்பித் தருவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் இறங்குகிறவர்கள் முந்தின நாள் மாலையே வாங்கிவிட வேண்டும், காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வரிசையிலேயே உங்கள் அரை மணி நேரம் போய்விடும்.

4. பெட்டி: ஊரில் கட்டும்போதே முடிவாகும் விஷயம்

கடைசி நாள் காலையில் லிஃப்ட் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே பெட்டி கட்டுங்கள். கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் நிறைந்து வரும், நின்று பார்த்து வெறுத்துப்போய்ப் படியில் இறங்க ஆரம்பிப்பீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து டெக் இறங்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் பெட்டி பெரிது.

ஆளுக்கு ஒரு நாலு சக்கரப் பெட்டி, ஒரு முதுகுப் பை, அவ்வளவுதான். சக்கரம் இல்லாத கட்டைப்பை, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, பேரனுக்கு வாங்கிய பெரிய பொம்மை இதெல்லாம் கையில் இருந்தால் கேங்வே ஏற்ற இறக்கத்தில் திண்டாட்டம்தான். நம் ஆட்கள் கூட்டமாகப் போனால் நாலு குடும்பத்துக்குச் சேர்த்து ஒரு பெரிய பெட்டியில் முறுக்கு, கச்சாயம், கடலை உருண்டை என்று கட்டுவார்கள். அந்தப் பெட்டியை யார் இழுப்பது என்று கடைசி நாள் காலையில்தான் பிரச்சினை வரும். தீனி தீர்ந்து பெட்டி காலியாகும் என்ற நம்பிக்கையும் வேண்டாம், கப்பலில் நாள் முழுக்கச் சாப்பாடு போடுகிறார்கள், யாரும் முறுக்கைத் தொடுவதில்லை.

முக்கியமான சிக்கல் ஒன்று இருக்கிறது. எலக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இவற்றைக் கப்பலில் அனுமதிக்க மாட்டார்கள். ஏறும்போது ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள், இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பொருட்களைத் திருப்பித் தரும் இடமும் நேரமும் வழக்கமாக இறங்குகிறவர்களுக்கு ஏற்ற மாதிரிதான் வைத்திருப்பார்கள். நீங்கள் முதல் ஆளாக இறங்கினால் அந்த மேசையில் இன்னும் ஆளே வந்திருக்க மாட்டார்கள். அம்மாவுக்குச் சுடுதண்ணீர் வேண்டும் என்று கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கப்பலில் கேட்டால் சுடுதண்ணீர் தருவார்கள்.

கேபின் பதிவு செய்யும்போது வாய்ப்பு இருந்தால் கீழ் டெக்கில், நடுப்பகுதியில் கேளுங்கள். பால்கனி இல்லாத உள் கேபின் என்றால் விலையும் குறைவு.

5. கடைசி நாள் மதியம்: கெஸ்ட் சர்வீஸுக்கு ஒரு நடை

கப்பலின் கடைசி முழு நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் பஃபேயில் இருக்கும்போது கெஸ்ட் சர்வீஸுக்குப் போங்கள். மாலையில் போனால் வரிசை நீளமாக இருக்கும். அங்கே கேட்க வேண்டியவை:

செல்ஃப் அசிஸ்ட் முறையில் இறங்கப் பெயர் கொடுக்க வேண்டுமா, இல்லை நேராகப் போகலாமா? சில கப்பல்களில் செயலியிலேயே நேரம் தேர்ந்தெடுக்க வேண்டும், இடம் தீர்ந்துவிடும். சிலவற்றில் தனி டேக் கொடுப்பார்கள். எந்த டெக்கில், எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும்? பாஸ்போர்ட் எங்கே கிடைக்கும்? எடுத்து வைத்த பொருள் எப்போது கிடைக்கும்?

அப்படியே கணக்கையும் பார்த்துவிடுங்கள். கப்பலில் எல்லாச் செலவும் கேபின் கார்டில் ஏறுகிறது. இதில் நம்மவர்கள் எதிர்பார்க்காதது கிராட்டுவிட்டி என்கிற சேவைக் கட்டணம். பெரிய கம்பெனிகளில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை வரும், குழந்தைகளுக்கும் பெரும்பாலும் உண்டு. நாலு பேர் மூன்று இரவு என்றால் 200 டாலரைத் தொட்டுவிடும். டிக்கெட்டிலேயே கட்டியாகிவிட்டதா என்று ஏஜென்ட்டிடம் கேட்டு, ரசீதில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கட்டியது மறுபடி ஏறியிருந்தால் மதியமே நீக்கச் சொல்லலாம். காலையில் பெட்டியோடு நின்றுகொண்டு இந்தச் சண்டை போட நேரமிருக்காது.

கிரெடிட் கார்டு கொடுத்திருந்தால் கணக்கு தானாக முடிந்துவிடும், வரிசையில் நிற்கத் தேவையில்லை. ரொக்கம் கட்டி வைத்தவர்கள் மீதியை நேரில் வந்து வாங்க வேண்டும், அதை ராத்திரியே முடியுங்கள். டெபிட் கார்டோ பாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் தினமும் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள், அது விடுபட ஊர் திரும்பிச் சில நாட்கள் ஆகும். விமான நிலையத்துக்கு டாக்சி பிடிக்க அதே கார்டைத்தான் நம்பியிருந்தால் சிக்கல்.

6. கடைசி ராத்திரி

டேக் கட்டி வெளியே வைக்கிற பெட்டி வரிசையைப் பார்த்து, பழக்கதோஷத்தில் நீங்களும் உங்கள் பெட்டியை வெளியே வைத்துவிடாதீர்கள். ஒருமுறை எடுத்துக்கொண்டு போனால் டெர்மினலில்தான் பார்க்க முடியும், சீக்கிரம் இறங்கும் திட்டம் அதோடு முடிந்தது. குடும்பத்தில் எல்லாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், முக்கியமாகப் பக்கத்து கேபினில் இருக்கும் மாமனார் மாமியாருக்கு.

கேபின் லாக்கரைத் திறந்து காலி செய்துவிட்டு, கதவைத் திறந்தபடியே விடுங்கள். நகை, பணம், பாஸ்போர்ட், மருந்து எல்லாம் முதுகுப் பையில். கப்பல் கடையில் வாங்கிய மதுபாட்டிலைக் கடைசி மாலைதான் கேபினுக்குக் கொண்டுவந்து தருவார்கள். அது 100 மில்லிக்கு மேல் என்பதால் விமானத்தில் கையில் கொண்டு போக முடியாது, செக்கின் பெட்டிக்குள் துணி சுற்றி வைக்க வேண்டும். பெட்டியை மூடியபிறகு பாட்டில் வந்து சேரும், இடம் விட்டு வையுங்கள்.

போன் நேரத்தைப் பாருங்கள். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட் டவரைப் பிடித்த போனை அப்படியே ஏர்பிளேன் மோடில் போட்டிருந்தால் அது பழைய நேரத்திலேயே நின்றிருக்கும், அலாரம் ஒரு மணி நேரம் தாமதமாக அடிக்கும். கேபின் டிவியில் காட்டுகிற கப்பல் நேரத்தைப் பார்த்துக் கையாலேயே மாற்றிவிடுங்கள்.

7. இறங்கும் காலை

கப்பல் கரை தொடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்துவிடுங்கள். கடைசி நாள் காலையில் ரூம் சர்வீஸ் பெரும்பாலும் இருக்காது, பஃபே சீக்கிரம் திறக்கும். ஒருவர் பெட்டிகளோடு கேபினில் இருக்க, மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். பெட்டியோடு சாப்பாட்டு அறைக்குள் நுழையாதீர்கள், இரண்டு மேசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முன்னாலும் பின்னாலும் போக முடியாமல் நிற்க வேண்டிவரும்.

சாப்பிட்டுவிட்டு வாழைப்பழம், ஆப்பிள் என்று பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம். பல நாடுகளில் கப்பல் சாப்பாட்டையும் பழத்தையும் கரைக்குக் கொண்டு போகக் கூடாது. ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் இதற்கு அபராதமே போடுவார்கள்.

சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பு, சொன்ன டெக்கில் போய் நில்லுங்கள். அறிவிப்பு வரும் வரை படிக்கட்டிலோ கேங்வே வழியிலோ பெட்டியை வைத்து அடைக்காதீர்கள், ஊழியர்கள் உங்களைத் திருப்பி அனுப்பினால் கடைசியாகப் போய் நிற்க வேண்டும். கேபின் கார்டைக் கையில் வைத்திருங்கள். வாசலில் அதை ஸ்கேன் செய்து 'பீப்' என்று சத்தம் வந்தால்தான் நீங்கள் கப்பலை விட்டு இறங்கியதாகக் கணக்கு. அந்தச் சத்தத்துக்குப் பிறகு திரும்ப உள்ளே போக முடியாது, சார்ஜரை விட்டுவிட்டேன் என்றாலும் சரி, பல்செட்டை விட்டுவிட்டேன் என்றாலும் சரி.

குடும்பத்தோடு போகிறவர்கள் எல்லாரும் சேர்ந்தே நில்லுங்கள். ஒருவர் முன்னால் போய் இடம் பிடிக்கும் வேலை இங்கே நடக்காது.

8. டெர்மினல்: இமிக்ரேஷனும் கஸ்டம்ஸும்

பெட்டியோடு வருகிறவர்களுக்கு இங்கேதான் லாபம். பெட்டி தேடும் கூடத்தைத் தாண்டி நேராகப் போய்விடலாம். இமிக்ரேஷனில் பாஸ்போர்ட், அரைவல் கார்டு போட்டதற்கான மின்னஞ்சல், விசா நகல், விமான டிக்கெட் நாலும் கையில் இருக்கட்டும். முத்திரை குத்தமாட்டார்கள், எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும்.

கஸ்டம்ஸில் மூன்று விஷயம். ஒன்று, புகையிலை. சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். வாயில் போட்டு மெல்லும் புகையிலை, இ-சிகரெட், சூயிங்கம் இதெல்லாம் கொண்டு வரவே தடை. ஊரிலிருந்து வரும்போதே பெரியவர்கள் இடுப்புப் பையைச் சோதித்துவிடுங்கள். இரண்டு, மது. 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்திருக்கவும் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் வரிவிலக்கு. பினாங்கு, போர்ட் கிளாங் போய்விட்டு நேராகத் திரும்பும் கப்பலில் வாங்கிய பாட்டிலுக்கு வரி உண்டு. சிவப்பு வழியில் போய்ச் சொல்லிக் கட்டினால் வேலை முடிந்தது, மறைத்து மாட்டினால் விமானம் போய்விடும். மூன்றாவது, யார் பெட்டியையும் நீங்கள் இழுக்காதீர்கள், கப்பலில் பழகியவர் நம்ம கோபிச்செட்டிபாளையத்துக்காரராகவே இருந்தாலும்.

9. சாங்கி போய் ஊர் சேர்வது

வெளியே வந்ததும் டாக்சி வரிசை. சாங்கிக்கு 25 முதல் 35 சிங்கப்பூர் டாலர் ஆகும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 முதல் 9.30 வரை மீட்டருக்கு மேல் 25 சதவீதம் சேரும். நாலு பேர், நாலு பெட்டி என்றால் சாதாரண டாக்சியின் டிக்கியில் இடம் போதாது. கிராப் செயலியில் ஆறு பேர் வண்டி கேளுங்கள், இரண்டு டாக்சி பிடிப்பதைவிடச் சில நேரம் மலிவாக இருக்கும்.

ஒற்றை ஆள், சின்னப் பெட்டி என்றால் மெரினா சவுத் பியர் ரயில் நிலையம் பத்து நிமிட நடை. அங்கிருந்து சிவப்பு வழித்தடத்தில் ராஃபிள்ஸ் பிளேஸ், பச்சைக்கு மாறி தானா மேரா, மறுபடி மாறி சாங்கி. ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செலவு சில டாலர்தான். வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டைக் கேட்டில் தட்டிப் போகலாம், சிறு கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள்.

ஸ்கூட் மாதிரி மலிவு விமானங்களில் பெட்டி எடையைத் தனியாக வாங்க வேண்டும். கப்பலில் கையில் இழுத்து வந்த அதே பெட்டி கேபினுக்குள் போகும் என்று நினைக்காதீர்கள், எடை போட்டுப் பார்ப்பார்கள். கவுன்ட்டரில் வாங்குவது இணையத்தில் முன்பே வாங்குவதைவிட நிறைய அதிகம்.

கோயம்புத்தூரில் இறங்கும்போது ஒரு ஆளுக்கு 2 லிட்டர் மது வரை வரியில்லை. ராத்திரி விமானம் என்றால் பீளமேட்டிலிருந்து பொள்ளாச்சிக்கோ ஈரோட்டுக்கோ கார் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தனி ஆளாக இருந்தால் சித்ரா பஸ் ஸ்டாப் வரை ஆட்டோவில் வந்து அவிநாசி ரோட்டில் திருப்பூர், ஈரோடு பஸ்ஸைப் பிடிக்கலாம்.

10. பாதிப் பயணத்திலேயே பெட்டியோடு இறங்க வேண்டும் என்றால்

இது வேறு கதை. பினாங்கிலேயே இறங்கிக்கொள்கிறேன், கோலாலம்பூர் போய் அங்கிருந்து திருச்சி விமானம் பிடிக்கிறேன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியும். ஆனால் ஊர் சுற்றப் போகிற மாதிரி இறங்கித் திரும்பாமல் இருந்துவிடக் கூடாது. கப்பல் ஆட்களைத் தேடும், உங்கள் பாஸ்போர்ட்டில் நுழைவே பதிவாகியிருக்காது, பிறகு விமான நிலையத்தில் பதில் சொல்ல முடியாது.

முறை இதுதான். பயணம் தொடங்க இரண்டு வாரமாவது முன்பு கப்பல் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். அந்தத் துறைமுகத்தின் இமிக்ரேஷன் ஒத்துக்கொண்டால் எழுத்தில் அனுமதி வரும், அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, கப்பல் ஏறிய அன்றே கெஸ்ட் சர்வீஸில் காட்டுங்கள். இறங்கும் நாட்டில் தங்குவதற்கான விசா விதி உங்களுக்குப் பொருந்த வேண்டும், மலேசியா என்றால் டிஜிட்டல் அரைவல் கார்டும் போட வேண்டும், அதுவும் மூன்று நாட்களுக்குள்தான். மீதி நாட்களுக்குப் பணம் திரும்ப வராது.

கப்பல் கரையோரம் வந்து கட்டும் துறைமுகமா, இல்லை நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சின்னப் படகில் ஆட்களைக் கொண்டு போகும் இடமா என்று பாருங்கள். புக்கெட்டில் படோங் கடற்கரைக்குப் பல கப்பல்கள் படகில்தான் ஆளை இறக்குகின்றன. அந்தப் படகில் பெரிய பெட்டியோடு ஏற விடுவார்கள் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

அமெரிக்காவில் மகன் மகள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து அலாஸ்கா கப்பல் ஏறுகிற பெற்றோர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சியாட்டிலில் ஏறி ஜூனோவில் நிரந்தரமாக இறங்க முடியாது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய ஆளை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் அப்படி இறக்கிவிட்டால் அந்த நாட்டுச் சட்டப்படி ஆளுக்கு இவ்வளவு என்று அபராதம் உண்டு. கம்பெனி அதை உங்கள் கார்டிலேயே ஏற்றிவிடும்.

உடம்பு சரியில்லாமல் போய் நடுவில் இறங்க நேர்ந்தால் அனுமதியெல்லாம் கப்பல் டாக்டரும் துறைமுகத்தில் இருக்கும் கப்பல் கம்பெனி ஏஜென்ட்டும் பார்த்துக்கொள்வார்கள், பெட்டியை ஊழியர்களே கட்டிக்கொடுப்பார்கள். ஆனால் கப்பல் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் உங்கள் கேபின் கணக்கில்தான் ஏறும், டாலரில். பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது கப்பல் பயணத்துக்கும் பொருந்துமா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள், பொருந்தும் என்றால் டாக்டர் சீட்டு, பில், இறங்கிய துறைமுகத்தின் தேதி போட்ட கடிதம் மூன்றையும் கப்பலை விட்டு இறங்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். கப்பல் கிளம்பிப் போனபிறகு அந்தக் கடிதத்தை வாங்குவதற்கு மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டிவரும்.